முந்தின நாள் சத்தம்

எங்க தெருவுல, லாரி எடுத்துட்டு லைனுக்குப் போற ஆம்பளையைப் பார்த்து எப்ப வருவீங்கன்னு கேக்கிற வழக்கம் கெடையாது. கேட்டா வண்டி வழியில நின்னுரும்னு ஒரு பயம், நேரம் சொல்லிட்டுப் போனவன் அந்த நேரத்துக்கு வந்ததில்லைங்கிற ஒரு பழைய அனுபவம், அதனால நாசிக்குக்குப் போனாலும் நாக்பூருக்குப் போனாலும் பொண்டாட்டிக்காரி வாசல்ல நின்னு, முன் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் நசுங்குறதைப் பார்த்துட்டு, தலையை ஒரு ஆட்டு ஆட்டிட்டு உள்ள போயிருவா. இதைவிடப் பெரிய குத்தம் ஒண்ணு இருக்குது, அது வெளிய போன ஆளைப் பார்த்து வராதேன்னு சொல்றது. எப்பேர்ப்பட்ட சண்டையிலயும் எவளும் அந்த வார்த்தையை எடுக்கமாட்டா, வாய் தவறி எடுத்துட்டா மாரியம்மன் கோயில்ல மூணு படி உப்பைக் கொண்டு போய்க் கொட்டிட்டு வந்துதான் அடுத்த வாய்ச் சோறு. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி உள்ள வந்தா இருபத்தாறு வீடு, பத்தொம்பது லாரி, அதுதான் எங்க தெரு.

நான் மாராயி, தெரு முக்குல இட்டிலிக் கடை வெச்சிருக்கிறவ. எதை எடுத்தாலும் சந்தேகப்படுறவன்னு எனக்கு ஒரு பேரு உண்டு, அது பொய்யில்லை, ஆனா கூடப் பொறந்த குணமும் இல்லை. என் வீட்டுக்காரர் பதினாலு வருசத்துக்கு முந்தி நாக்பூருக்கு லோடு ஏத்திட்டுப் போனாரு, பதினெட்டாம் நாள் வண்டி மட்டும் திரும்பி வந்துச்சு, வேற ஒரு டிரைவர் ஓட்டிட்டு வந்தான், சீட்டுக்கு அடியில இவரோட சட்டை ரெண்டு தொவைச்சு மடிச்சு இருந்துச்சு. அது நான் மடிக்கிற மடிப்பு இல்லை. அங்க ஒரு குடும்பம் இருக்குதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு அந்த மடிப்பே போதும். அன்னையில இருந்து பால்காரன் பால்ல தண்ணி கலக்கலைன்னாக்கூட ஏன் கலக்கலைன்னு யோசிக்கிற ஆளா நான் ஆயிட்டேன்.

என் கடைக்கு எதிர்ல மூணாவது வீடு நல்லசிவத்தோடது. பன்னெண்டு டயர் வண்டி, ரெண்டாங்கையா வாங்கினது, கிளீனர் கூட வெச்சுக்காம அவனே ஓட்டுவான். மனுசன் நல்லவன், வாய் கம்மி, ஆனா அந்த வண்டி படுத்தின பாடு இருக்குதே, தொப்பூர் ஏத்தத்துல முக்கி முனகி நடை வேகத்துக்கு வந்துரும், பின்னால வர்றவன் எல்லாம் ஹாரன் அடிச்சே இவன் காதைச் செவிடாக்கிருவான், புகை வேற கரிச்சட்டியைக் கவுத்த மாதிரி போகும். சங்ககிரி பட்டறையில அமீர்னு ஒரு வெல்டர் இருக்கிறான், அவன் வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு, எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லை, சைலன்சருக்குள்ள தகடெல்லாம் இத்துப் போயி கரி அடைச்சுக் கெடக்குது, மூக்கைப் பொத்திட்டு மூட்டை தூக்குன்னா எவன் தூக்குவான், மூச்சு போற வழியை அகலப்படுத்தினா வண்டி தானா இழுக்கும்னு சொல்லியிருக்கிறான். எஞ்சின்ல இருந்து பின்னால வரைக்கும் பழைய பைப்பைக் கழட்டிட்டு, அதைவிட ரெண்டு விரக்கடை அகலமான பைப்பா எடுத்து, அஞ்சு வளைவு இருந்த இடத்துல ரெண்டே வளைவு வெச்சு, புதுசா ஒரு சைலன்சரையும் செஞ்சு மாட்டி, ஒரு பொட்டுக்கூடக் கசியாம பத்த வெச்சுக் குடுத்தான். பழைய சைலன்சரைப் பைப்போட எடைக்குப் போட்டுரலாம்னு நல்லசிவம் சொன்னதுக்கு, அவன் பொண்டாட்டி வசந்தாமணி வேண்டாம்னு சொல்லி, அதை ஆட்டுக் கொட்டாய்க்குள்ள சாத்தி வெச்சா. எதுக்குடி அந்தத் துருப்புடிச்ச சனியன்னு நான் கேட்டேன், ஏழு வருசமா அவர் வர்றதைச் சொன்னது அதுதானேக்கான்னா. அதுவும் வாஸ்தவந்தான், எங்க தெருவுல ஒவ்வொருத்திக்கும் அவவ வீட்டு வண்டிச் சத்தம் தனியாத் தெரியும், பத்து வண்டி ஒண்ணா வந்தாலும் பிரிச்சுச் சொல்லிருவா.

புது சைலன்சரோட நல்லசிவம் நாசிக்குக்குக் கெளம்பினான், அந்தத் தடவை தொப்பூர்ல வண்டி லோடோட மூணாவது கியர்லயே ஏறிருச்சுன்னு போன்ல சொன்னானாம், எண்ணெயும் கம்மியாக் குடிக்குதுன்னு சந்தோசப்பட்டானாம். பதினோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு, வாய்க்கால் பாலத்துகிட்ட ஒரு வண்டி கியர் எறக்குற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் மாரியம்மன் கோயில் மேட்டுல ஏறுற சத்தம், தெருவுக்குள்ள திரும்புற சத்தம், என் கடை பெஞ்சு லேசா அதிர்ந்துச்சு, நாயெல்லாம் எந்திரிச்சு ஓரமாப் போச்சு, நல்லசிவம் வீட்டு முன்னால ஏர் பிரேக் புஸ்ஸுன்னு விட்டுச்சு, எஞ்சின் நின்னுச்சு, கேபின் கதவு படீர்னு சாத்துற சத்தம் கேட்டுச்சு. வசந்தாமணி சொம்புல தண்ணியோட வெளிய வந்தா. தெருவுல வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. மறுநாள் புதன்கிழமை, அதே மூணு மணிக்கு, நல்லசிவத்தோட வண்டி ஒரு சத்தமும் இல்லாம, பூனை மாதிரி தெருவுக்குள்ள வந்து நின்னுச்சு.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் எல்லா வண்டியைப் போலவும் சத்தம் போட்டுட்டு வர்றது, பாலத்துக்கு முன்னால இருக்கிற வளைவுல திரும்பினதும் ஊமையாயிரும், ஏன்னா இங்க போட வேண்டிய சத்தத்தை அது நேத்தே போட்டு முடிச்சிருச்சு. கெளம்பிப் போறப்ப எப்பவும் போலத்தான் போகும், வர்றப்ப மட்டுந்தான் இப்படி. ரெண்டாவது தடவையும் அப்படியே நடந்துச்சு, மூணாவது தடவையும் நடந்துச்சு, அதுக்கப்புறம் அதைப் பத்தி ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, ஆனா அதை வெச்சுப் பொழைக்க எல்லாருக்கும் நேரம் இருந்துச்சு. சத்தம் கேட்ட அன்னைக்கே கறிக்கடைக்காரன் வந்து வசந்தாமணிகிட்ட நாளைக்கு எத்தனை கிலோன்னு கேட்டுட்டுப் போனான். நாசிக் வெங்காயம் நாளைக்கு சேலத்துல எறங்குதுன்னு மண்டிக்காரன் ஒருத்தன் மொத நாளே தெரிஞ்சுக்கிட்டு வெலையைக் கொறைச்சான். வண்டி ஊமையா வந்து ரெண்டு கோழியையும் ஒரு நாய்க்குட்டியையும் அரைச்சதுக்கு அப்புறம், சத்தம் கேட்ட மறுநாள் அந்த நேரத்துக்கு எல்லாரும் ஆடு, கோழி, புள்ளைகளை உள்ள கட்டி வெக்கப் பழகிட்டாங்க.

யாரோ எழுதிப் போட்டு பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் சத்தம் அளக்குற மிசினோட வந்தாரு. தெருவுக்குள்ள வந்து நின்ன வண்டியை அணைக்காம ஓட வெச்சு, சைலன்சருக்குப் பின்னால குத்துக்கால் போட்டு உக்காந்து பார்த்தாரு, முள்ளு அசையலை, மிசினைத் தட்டினாரு, அப்பவும் அசையலை. இவ்வளவுக்கு மேல சத்தம் வரக்கூடாதுன்னுதான் சட்டம் இருக்குது, இவ்வளவாவது வரணும்னு இல்லையேன்னு அவரே முணுமுணுத்துட்டு, கையில ஒரு பேப்பரை எடுத்து, வாகனத்தின் மீது சந்தேகம் உள்ளது, ஆனால் குற்றம் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அந்தப் பேப்பரை நல்லசிவம் சட்டம் போட்டு மாட்டலை, அவ்வளவுதான்.

சந்தேகம்னு அரசாங்கமே எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம் தெரு சும்மா இருக்குமா. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் முன்கூட்டித் தெரியறது நல்லதுதானேன்னு மொதல்ல பேசினவங்க எல்லாம், எதுக்கு ஒரு பொம்பளைக்கு ஒரு நாள் முன்கூட்டித் தெரியணும்னு பேச ஆரம்பிச்சாங்க. மத்த லாரிக்காரங்க தனித்தனியா அமீர்கிட்டப் போயி, என் வண்டிக்கு எந்தக் காலத்துலயும் அந்த மாதிரி சைலன்சர் மாட்டிராதேன்னு சொல்லிட்டு வந்தாங்களாம், அவங்க பொண்டாட்டிமாருக தனித்தனியாப் போன் போட்டு, எங்க வண்டிக்கு அதே மாதிரி ஒண்ணு மாட்டிருங்கண்ணான்னு கேட்டாங்களாம், அமீர் ரெண்டு பக்கத்துக்கும் சரின்னு சொல்லிட்டு நாலு நாள் பட்டறையைப் பூட்டிட்டு மாமியார் ஊருக்குப் போயிட்டான். நெருப்பில்லாம புகையுமான்னு ஒருத்தி சொல்லுவா, இங்க புகையே வர்றதில்லையேன்னு இன்னொருத்தி சிரிப்பா, அந்தச் சிரிப்பு அத்தனையும் வசந்தாமணி வீட்டு வாசல்லதான் போய் விழும்.

இந்த எடத்துல நான் என் வாயாலயே ஒண்ணைச் சொல்லியாகணும். ஐப்பசி மாசத்துல ஒரு நாள் காலையில நல்லசிவம் என் கடையில உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தான், வண்டி இழுவை நல்லா இருக்குதுக்கா, வீட்டுலயும் நான் வர்றப்ப எல்லாம் தயாரா இருக்குதுன்னு வெள்ளந்தியாச் சொன்னான். எனக்கு அந்தத் தொவைச்சு மடிச்ச சட்டை ஞாபகம் வந்துச்சு. அவன் தட்டுல சட்னியை ஊத்திக்கிட்டே, ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா வெறும் பாத்திரத்தையா கழுவிட்டு இருப்பாங்க தம்பின்னு சொன்னேன். ஆறு இட்டிலி சாப்பிடுறவன் நாலோட எந்திரிச்சான். நான் அந்தத் தட்டை எடுத்துக் கழுவி வெச்சுட்டு வேற வேலையைப் பார்த்தேன், அத்தோட மறந்தும் போனேன், அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறலை.

மார்கழியில வசந்தாமணி ஒரு புது வழக்கம் புடிச்சா. புருசன் போயி எட்டு நாள் ஆச்சுன்னா, தெனமும் மத்தியானம் வெயில் தாழ, வெறுங்கையோட வாய்க்கால் பாலத்துக்குப் போயிட்டு, பொழுது சாயத் திரும்பி வருவா. ஆடு ஓட்டிட்டுப் போகலை, துணி தொவைக்கப் போகலை, தலையை மட்டும் நல்லாச் சீவிட்டுப் போறா. பாலத்துக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, அதுல ஒரு பம்புசெட்டு ரூம்பு, போதாதா எனக்கு. நாலாம் நாள் கடையைச் சாத்திட்டு அவ பின்னாலயே போனேன், புளியமரத்து மறைவுல நின்னுக்கிட்டேன்.

அவ பாலத்துக் கைப்புடிச் சுவத்துல உக்காந்து ரோட்டையே பார்த்துட்டு இருந்தா. ஒருத்தனும் வரலை. ஒரு மணி நேரம் ஆயிருக்கும், எனக்குக் கால் கடுத்துப் போச்சு, என்னடி இது, காத்தைப் பார்க்கவா வந்தேன்னு முன்னால போயி நின்னுட்டேன். அவ பயப்படலை. என்னைப் பார்த்து, இங்க இருந்தா அவர் சத்தம் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி கேக்கும்க்கான்னு சொன்னா. எதுக்குடி, வீட்டுல இருந்தாலே கேக்குதேன்னேன். வீட்டுல கேட்டா தெருவே என் மூஞ்சியைப் பார்க்குதுக்கா, சிரிச்சாலும் தப்பு சிரிக்காட்டியும் தப்பு, இங்க நான் மட்டும் கேட்டுக்கலாம்னா. அவ பக்கத்துல நானும் உக்காந்தேன்.

அப்பத்தான் அது வந்துச்சு. மணி நாலு இருபது, என் கையில கடியாரம் இருந்துச்சு, பார்த்தேன். கியர் எறங்குச்சு, ஹாரன் நீளமா ஒரு தடவை, அப்புறம் பிரேக் கிறீச்சிட்டு, நாங்க உக்காந்திருக்கிற அதே சுவரு சடசடன்னு ஒடையிற சத்தம், பெருசா ஒண்ணு தண்ணிக்குள்ள விழுற சத்தம், ஹாரன் மாட்டிக்கிட்டு அடிச்சுக்கிட்டே இருந்து, அப்படியே தண்ணிக்குள்ள மங்கி மங்கி அடங்கிப் போச்சு. சுவரு அப்படியே இருந்துச்சு. வாய்க்கால் தண்ணியில ஒரு அலையும் இல்லை. கரையில நின்ன கொக்கு ரெண்டும் மட்டும் எந்திரிச்சுப் பறந்துச்சு. கதவு தொறக்கிற சத்தத்துக்காக வசந்தாமணி காதைக் குடுத்துக்கிட்டே நின்னா, அது கடைசி வரைக்கும் கேக்கலை.

நாளைக்கு நாம சேப்புத் துணியோட இங்க நின்னு வண்டியை நிறுத்திரலாம்டின்னு நான் சொன்னேன். நாம நிக்கிறதைப் பார்த்து அவர் வண்டியை ஒடிக்கிறதுதான் இந்தச் சத்தமோ என்னமோ, யாருக்குத் தெரியும்க்கா, அவர் இந்த வாய்க்கால் பக்கமே வரக்கூடாதுன்னா. போனை எடுத்துப் போட்டா, பேச்சு எனக்கும் கேக்குற மாதிரி வெச்சா. நல்லசிவம் சித்ரதுர்கா தாண்டி ஒரு கடையில டீ குடிச்சுட்டு இருந்தான்.

"மாமா, நாளைக்கு ஊருக்கு வராதீங்க."

எங்க தெருவுல கல்யாணம் பண்ணி வந்த ஒருத்தி வாயில இருந்து அந்த வார்த்தையை நான் அன்னைக்குத்தான் மொத மொதலாக் கேட்டேன். அந்தப் பக்கம் டீ கிளாசை வெக்கிற சத்தம் கேட்டுச்சு. அவ முழுசாச் சொன்னா, கியர் எறங்கினது, ஹாரன், சுவரு, தண்ணி, ஒண்ணு விடாமச் சொன்னா. அவன் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, ரொம்ப நிதானமாப் பேசினான்.

"ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா வெறும் பாத்திரத்தையா கழுவிட்டு இருப்பாங்கன்னு மாராயக்கா சொன்னப்ப நான் நம்பலை புள்ள."

வசந்தாமணி என்னைத் திரும்பிப் பார்த்தா. திட்டியிருந்தாத் தேவலை, அவ பார்த்தது மட்டுந்தான். நான் போனைப் புடுங்கி, தம்பி, நான் மாராயி பேசறேன், நான் சொன்னது தப்பு, இவ சொல்றது அத்தனையும் நெசம், என் காதால கேட்டேன், என்னைப் பெத்தவ மேல சத்தியம்னு கத்தினேன். அக்கா, நீங்களும் அங்கதான் இருக்கீங்களா, ரெண்டு பேரும் எப்ப இருந்து சேர்த்தின்னு கேட்டான். இத்தனை வருசமா ஊரையே சந்தேகப்பட்ட என் பேச்சை, நான் நெசம் பேசின ஒரே நாள்ல ஒருத்தன் சந்தேகப்பட்டான். காலையில சேலத்துல வெங்காயத்தை எறக்கிட்டு சாயந்தரம் நாலு மணிக்கு வீட்டுல இருப்பேன், பாருங்க, நேரம் சொல்லிட்டேன்னு வெச்சுட்டான்.

வசந்தாமணி எங்கிட்ட இருந்து போனை வாங்கினா. அப்புறம் மூஞ்சியைத் தொடச்சுட்டு மறுபடியும் போன் போட்டா. குரல்ல ஒரு நடுக்கம் இல்லை.

"ஆமா மாமா. நீங்க நெனைக்கிறது நெசந்தான். நாளைக்கு நீங்க வர்றப்ப நான் வீட்டுல இருக்கமாட்டேன், பழனியில இருப்பேன். ஆம்பளையா இருந்தா அங்க வந்து பாருங்க."

எவன்னு அவன் கேட்டது எனக்கும் கேட்டுச்சு. வந்து பாருங்கன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டா. ஏன்டி இப்படிப் பண்ணினே, வேற பொய்யே கெடைக்கலையாடின்னு அழுதேன். உடம்புக்கு முடியலைன்னா வீட்டுக்கு வருவாரு, செத்துட்டேன்னாலும் வீட்டுக்குத்தான் வருவாரு, இது ஒண்ணுக்குத்தான்க்கா வண்டியை வேற பக்கம் திருப்புவாருன்னா. அன்னைக்குச் சாயந்தரமே ஈரோடு போயிப் பழனி பஸ் ஏறிட்டா, மாத்துச் சேலை ஒண்ணு மட்டும் எடுத்துக்கிட்டா.

தெருவுல வேற கதை ஓடிட்டு இருந்துச்சு. பாலம் அரை மைல் தள்ளி இருக்குது, தெருவுல இருந்தவங்களுக்கு வண்டி கியர் எறக்குனதும் ஹாரனும் கேட்டிருக்குது, அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலை. நாளைக்கு நல்லசிவம் பாலத்துலயே வண்டியை நிறுத்திட்டு நடந்து வரப் போறான், பொண்டாட்டியைக் கையும் களவுமாப் புடிக்கப் போறான்னு தெரு முடிவு பண்ணிருச்சு. வசந்தாமணி வீடு வேற பூட்டிக் கெடந்துச்சா, அதுக்கு மேல கேக்கவா வேணும், ஊர் வாயை மூட ஒலைமூடி ஏது. மறுநாள் மத்தியானம் மொத்தத் தெருவும் அவ வீட்டு வாசலைப் பார்த்து உக்காந்துச்சு. நான் மட்டும் பாலத்துக்குப் போயி, ரோட்டை விட்டுத் தள்ளி, புளியமரத்துக்கு அடியில நின்னேன்.

நாலு பதினெட்டுக்கு ஸ்கூல் வேன் ஒண்ணு வளைவுல வந்துச்சு. வழக்கமா மூணே முக்காலுக்கே போயிர்ற வேன், அன்னைக்கு டயர் பஞ்சராம், மாட்டின டயர் சரியில்லைன்னு அந்த டிரைவர் பாலத்து நட்ட நடுவுல நிறுத்திட்டு எறங்கிக் குனிஞ்சு பார்த்துட்டு இருந்தான். வேன் நெறையப் புள்ளைக. நல்லசிவத்தோட வண்டி வந்திருந்தா, அவன் இன்னைக்கு அடிக்கிற ஹாரன் நேத்தே கேட்டு முடிஞ்சிருக்கும், அந்த டிரைவருக்கு ஒண்ணும் காதுல விழுந்திருக்காது, அவன் புள்ளைகளை விட்டுட்டு சுவத்துப் பக்கம் ஒடிச்சிருப்பான், அவன் அப்படித்தான் ஒடிப்பான், எனக்குத் தெரியும். நாலு இருபது ஆச்சு, இருபத்தஞ்சு ஆச்சு. ரோடு வெறிச்சுன்னு கெடந்துச்சு. வேன் கெளம்பிப் போச்சு, ஒரு புள்ளை சன்னல்ல இருந்து எனக்குக் கையாட்டுச்சு, நான் அங்கயே மண்ணுல உக்காந்து வாய்விட்டு அழுதேன்.

அன்னைக்குப் பொழுது எறங்குறப்ப, நான் கடையில அடுப்பு மூட்டிட்டு இருந்தேன், சத்தம் தெருவுக்குள்ள வந்துச்சு. பாலத்தைத் தாண்டி, கோயில் மேட்டுல ஏறி, முழுசா வந்து அவன் வீட்டு முன்னால நின்னுச்சு. மொதல்ல வலது பக்கத்துக் கதவு சாத்துற சத்தம், அப்புறம் இடது பக்கத்துக் கதவு. கிளீனர் இல்லாத வண்டி அது. ரெண்டு பேரும் உசுரோட வர்றாங்கன்னு எனக்கு விளங்கிருச்சு, மாரியம்மனை நெனைச்சு ஒரு கும்பிடு போட்டேன். அதுக்கப்புறம் ஒரு பேச்சுச் சத்தமாவது கேக்கும்னு அடுப்பு அணையிற வரைக்கும் நின்னேன், கேக்கலை.

மறுநாள் அதே நேரத்துக்கு ஊமை வண்டி வந்துச்சு, அவன் எறங்கினான், அவ எறங்கினா, பேசாம உள்ள போனாங்க. பழனி அடிவாரத்துல குதிரை வண்டி நிக்கிற எடத்துல அவ தனியா உக்காந்திருந்தாளாம். அவன் எங்கடி அவன்னு கேட்டானாம், அப்படி ஒருத்தன் இல்லை மாமா, உங்களைப் பாலத்துல இருந்து திருப்பத்தான் சொன்னேன்னு அவ சொன்னாளாம். அவன் அவளை அடிக்கலை, ஒரு சுடுசொல் சொல்லலை. ஊர்ல இருக்கிற லாட்ஜு ஒவ்வொண்ணுலயும் ஏறி எறங்கி விசாரிச்சுட்டு வந்து, சரி ஏறுன்னு மட்டும் சொன்னானாம். வேன் வந்ததை, டயர் பஞ்சரானதை, மணி நாலு பதினெட்டை எல்லாம் நான் அவன்கிட்ட மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் பொறுமையாக் கேட்டுட்டு, நீங்க எதுக்குக்கா இவ்வளவு மெனக்கெடுறீங்கன்னு கேட்டான்.

தை பொறந்ததும் அவனே ஆட்டுக் கொட்டாயில இருந்து அந்தப் பழைய சைலன்சரை எடுத்துத் தட்டி, அமீர்கிட்டக் கொண்டு போயி, பழைய பைப்பையே வளைவோட மாட்டச் சொன்னான். நல்லா இழுக்குற வண்டியை எவனாச்சும் கெடுப்பானான்னு அமீர் சண்டை போட்டிருக்கிறான், எனக்கு இழுவை வேண்டாம்ப்பா, சத்தம் என்கூட வரட்டும்னு இவன் சொல்லிட்டான். இப்ப வண்டி தொப்பூர்ல பழையபடி முக்குது, கரும்புகை போகுது, சத்தமும் வண்டியும் ஒண்ணாத்தான் வருது. ஆனா தெரு வரைக்கும் வர்றதில்லை. பாலத்துகிட்ட கியர் எறங்கும், அத்தோட நின்னு போகும். வண்டியை அங்கயே ஓரங்கட்டிட்டு, அவன் செருப்புச் சத்தம் கூடக் கேக்காத மாதிரி நடந்து வர்றான். அன்னைக்குத் தெரு கட்டின கதையை இன்னைக்கு அவன் தடவைக்குத் தடவை நடந்து காட்டிட்டு இருக்கிறான். சத்தம் பாலத்துல நிக்கிறப்ப எல்லாம் எனக்கு அந்தச் சுவரு ஒடையிற சத்தந்தான் காதுல விழும், அவன் தலை தெரு முக்குல தெரியிற வரைக்கும் என் கை வேலை செய்யாது.

போன வாரம் பொறுக்க முடியாம வசந்தாமணி வீட்டுக்குப் போனேன். அடுப்படியில இருந்தா. எல்லாம் என் நாக்கால வந்த வினை, நீ எப்படித் தாயி இதைத் தாங்குறேன்னு கேட்டேன். அவ அரிசியைக் களைஞ்சுக்கிட்டே சொன்னா:

"உசுரோட வந்து சந்தேகப்படட்டும்க்கா."

சொல்லி வாய் மூடலை, பாலத்துகிட்ட கியர் எறங்குச்சு, நின்னுச்சு. அவ ரெண்டு ஆளுக்கு அரிசியை ஒலையில போட்டா, அவன் நடந்து வந்து சேர்ற நேரத்துக்குச் சோறு சரியா வெந்திருமாம். சோறு வேகுற வரைக்கும் அவகூட உக்காந்துட்டு இருந்தேன், அப்புறந்தான் எனக்கு உறைச்சுது, அவன் என்னை இங்க பார்த்தா அதுக்கும் ஒரு காரணம் தேடுவான், அவளுக்கு எதுக்கு இன்னொரு தொல்லைன்னு நான் வாசப் பக்கம் போகாம, ஆட்டுக் கொட்டாய் வழியா போயிரலாம்னு பின்கதவைத் தொறந்து, வெளிய வந்து, மெதுவாச் சாத்தினேன். எவ்வளவு மெதுவாச் சாத்தியும் கதவு கிறீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. வாசல்ல லேசா உரசிட்டு வந்த செருப்பு நின்னுச்சு.